யாரும் கொடுக்காத வாக்கு

மார்ஷ்வெல் ஊரில் தினமும் ஞாயிற்றுக்கிழமைதான். திங்கள் காலை சுற்றுலாப் பேருந்து வந்து நின்றாலும் சரி, வெள்ளி மதியம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசைகட்டி நுழைந்தாலும் சரி, வேலிக்கு அந்தப் பக்கம் ஆயிரத்து எழுநூற்று எழுபத்தாறாம் வருஷத்து ஆகஸ்ட் ஞாயிறு ஒன்று விடிந்துகொண்டிருக்கும். சாயங்காலம் அதை அணைத்துவிடுவார்கள். மறுநாள் அதே ஞாயிறு, அதே வெயில், அதே சபைக்கூட மணி.

அது ஊர் அல்ல, மியூசியம். மாசசூசெட்ஸ் கடலோரத்தில், பிரிட்டிஷ் ராஜாவை எதிர்த்து அமெரிக்கக் குடியேறிகள் எழுந்து நின்ற காலத்தை அப்படியே பிடித்து நிறுத்திவைத்திருந்தார்கள். முன்பெல்லாம் இதற்கு நடிகர்களைக் கூலிக்கு வைத்துத் தொப்பியும் கோட்டும் மாட்டிவிடுவார்கள். இப்போது இயந்திர மனிதர்கள். உடம்பு வெறும் ரப்பரும் உலோகமும். உள்ளே இருக்கிற மனசுதான் விஷயம். செத்துப்போன ஒவ்வொருவரைப் பற்றியும் கிடைத்த கொஞ்சநஞ்சத் தகவலை வைத்து அவருடைய பழைய வாழ்க்கை, கோபதாபம், ஆசாபாசம் எல்லாவற்றையும் வளர்த்து உள்ளே வைத்திருந்தார்கள். வசனம் எழுதிக் கொடுப்பதில்லை. அந்த ஒரு நாளைக் கொடுத்துவிட்டால் அவர்களே வாழ்ந்துகொள்வார்கள். ராத்திரிக்கு அன்றைய நினைவை மட்டும் துடைத்துவிட்டால் போதும். நிர்வாகம் இவர்களுக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தது. கோமதிநாயகம் தன் வீட்டில் இவர்களை மறுபிறவிகள் என்பார்.

மறுபிறவிகளின் மனசுக்கு மேஸ்திரி கோமதிநாயகம்தான். சங்கரன்கோவில்காரர். அமெரிக்காவுக்கு வந்து பதினாறு வருஷமாகிறது. அலுவலகத்தில் அவரைக் கோமஸ் என்று கூப்பிட்டார்கள்; அவரும் ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. திருத்துவதும் மறுத்துப் பேசுவதும் கிரீன் கார்டு கைக்கு வந்தபிறகு வைத்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் தள்ளிப்போட்டு வாழ்கிற மனிதர். இந்தியர்களுக்கான வரிசையோ நகருவதாகவே தெரியவில்லை.

ஊரின் உச்சக்கட்டம் மதியத்துக்கு முன்னால் வரும். சபைக்கூடத்தில் ஆராதனை முடிந்ததும் போதகர் புதிதாக வந்த சுதந்திரப் பிரகடனத்தை வாசிப்பார். மனிதர் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற வரி வரும்போது முன்வரிசையில் இருக்கும் சபை மூப்பர் டீக்கன் ஹோல்ட் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ராஜாவின் வரியை எதிர்த்து, வீட்டிலிருந்த தேயிலையை எல்லாம் நடுத்தெருவில் போட்டுக் கொளுத்திய வீரர் அவர். சுற்றுலாப் பயணிகள் அவரைத்தான் படம் எடுப்பார்கள்.

அந்தக் கூடத்துக்கு ஒரு மேல்மாடம் உண்டு. அடிமைகள் அங்கேதான் உட்கார வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். ஹோல்டின் வீட்டு அடிமை டைனா அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். மியூசியம் தொடங்கின நாளிலிருந்து அவளும் பிரகடனத்தைக் கேட்டுவிட்டு, பேசாமல் இறங்கிச் சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அந்த வசந்தத்தில் கோமதிநாயகம் எல்லா மனசுகளையும் மேம்படுத்தினார். கேட்டதை மனசில் போட்டு அசைபோடும் சக்தி கொஞ்சம் கூடுதலாக வந்தது. அவருக்கு அதில் பெருமைதான். மேம்படுத்திய மறுநாளே டைனா மாடிப்படியில் இறங்கி நேராக முன்வரிசைக்கு வந்து நின்றாள்.

"எசமான், நீங்க ராஜாகிட்ட கேட்டதையே நான் உங்ககிட்ட கேக்கறேன். அதுல எனக்கும் பங்கு உண்டா?"

"இன்னிக்கு நல்ல நாள். அடுப்படிக்குப் போ," என்றார் ஹோல்ட்.

பார்வையாளர்கள் நிகழ்ச்சியில் இதுவும் ஓர் அங்கம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஆனால் அவள் தினமும் இறங்கினாள். நினைவு துடைக்கப்பட்டவள் என்பதால் ஒவ்வொரு நாளும் அவளுக்கு அதுதான் முதல் தடவை, ஒவ்வொரு நாளும் அதே நடுக்கம். ஒருநாள் போ என்று சொல்லியும் அவள் போகவில்லை. ராஜாவின் கொடுங்கோன்மையை எண்ணிச் சற்றுமுன் கண்ணீர்விட்ட அதே டீக்கன், அவளை வெளியே இழுத்துப்போய்க் குதிரை கட்டும் கம்பத்தில் கட்டிப்போட்டார். வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் அழுதார்கள். பெற்றோர்கள் விடுவார்களா, புகார் மேல் புகார்.

மியூசியத்தின் இயக்குநர் விட்லாக் அதட்டிப் பேசத் தெரியாத மனிதர். அதனாலேயே அவரிடம் மறுத்துப் பேசுவது கஷ்டம்.

"ஆண்டு விழா வருது, கோமஸ். டிரஸ்டிகள் எல்லாரும் வராங்க. அந்தப் பொண்ணு மேலயே உக்காந்திருக்கணும். ஆனா பொம்மை மாதிரி ஆக்கிடாதீங்க, அது நல்லா இருக்காது. சந்தோஷமா உக்காந்திருக்கணும்."

"முயற்சி பண்றேன் சார்."

"தெரியும். உங்க சிபாரிசு விஷயமும் என் ஞாபகத்துல இருக்கு."

அவர் மிரட்டவில்லை. ஞாபகத்தில் இருக்கிறது என்றுதான் சொன்னார். கோமதிநாயகம் மனசுக்குள் தேதியை எண்ணிப் பார்த்தார். மகள் மதிக்கு அக்டோபரில் இருபத்தோரு வயது முடிகிறது. முடிந்துவிட்டால் அப்பாவின் விசாவைப் பிடித்துக்கொண்டு அவள் இங்கே இருக்க முடியாது. நாலு வயதில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை. சங்கரன்கோவில் அவளுக்கு லீவுக்குப் போகிற ஊர். தனித்திறன் உள்ளவர் என்று இயக்குநர் சிபாரிசு செய்தால் வேறு ஒரு சின்ன வரிசைக்கு மாறிவிடலாம், அக்டோபருக்குள் காரியம் முடிந்துவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். எல்லாம் விட்லாக்கின் கையெழுத்தில் நின்றது.

வழி என்னவோ சட்டென்று தோன்றவில்லை. டைனாவிடமிருந்து அந்தக் கேள்வியைப் பிடுங்கினால் கூடவே பாதி மனசும் வந்துவிடும். கால்களைப் பூட்டிவிட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சனிக்கிழமை மத்தியானம், தட்டில் சோற்றைப் பிசைந்தபடி இதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடாம என்ன யோசனை பண்ணிக்கிட்டு இருக்கிய?" என்றாள் மனைவி வடிவு.

"ஒண்ணுமில்ல. ஆபீஸ் விஷயம்."

"ஆபீஸ், ஆபீஸ். அந்த வக்கீலு கார்டு வந்திரும் வந்திரும்னு சொல்லுதாரு, நீங்களும் தலைய ஆட்டிக்கிட்டு இருக்கிய. முந்தியெல்லாம் எங்க அநியாயம் நடந்தாலும் சண்டைக்கு நிப்பியளே. மில்லு முதலாளிய நடுரோட்டுல நிறுத்திக் கேட்ட ஆளுதான நீங்க. இப்ப வாயில கொழுக்கட்டைய வச்ச மாதிரி இருக்கியளே, எப்படி?"

கோமதிநாயகத்தின் கை சோற்றிலேயே நின்றது. மனைவி குத்திக்காட்டியது வலித்தது. ஆனால் வலிக்கும் முன்னாலேயே விடை கிடைத்துவிட்டது. ஒரு மனுஷன் வாயைக் கட்ட விலங்கு எதற்கு, விடுதலை வருகிறது என்று சொல்லிவைத்தால் போதுமே. அவனே தன் வாயைக் கட்டிக்கொள்வான். இது அவருக்கு யாரும் பாடம் நடத்தித் தெரிந்த விஷயம் இல்லை. பதினாறு வருஷமாக அவர் சோற்றில் கலந்திருந்தது.

அடுத்த வேலை நாளில் டைனாவின் நினைவுக்குள் ஒரு சின்னக் காட்சியை வைத்தார். மழை பெய்த ஒரு சாயங்காலம், அடுப்படி வாசலில் வந்து நின்று டீக்கன் ஹோல்ட் சொல்கிறார்: 'சண்டை முடியட்டும், டைனா. முடிந்த அன்று நீ உன் வழியே போகலாம். அதுவரை பொறுமையாக இரு.' அவ்வளவுதான். ஹோல்டின் மனசில் அவர் எதையும் வைக்கவில்லை. தேவைப்படவில்லை. வாக்கு வாங்கியவள் ஒருத்தி இருந்தாள், கொடுத்தவர் என்று யாருமே இல்லை.

அன்று டைனா இறங்கவில்லை. பிரகடனம் வாசித்து முடிந்ததும் மேல்மாடக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஈரக் கண்ணோடு சிரித்தாள். அவளைப் படம் எடுக்கக் கூட்டம் திரும்பியது. விட்லாக் கோமதிநாயகத்தின் அறைக்கு வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார். வேலை சுத்தமாக முடிந்த திருப்தி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

சரிபார்ப்பதற்காக ஊருக்குள் போனார். ஊழியர்கள் உள்ளே போவதானால் அந்தக் காலத்து வேஷத்தில் போக வேண்டும். அவர் நிறத்துக்குக் கிழக்கிந்தியக் கப்பல் மாலுமி வேஷம்தான் பொருந்தும் என்று ஒரு நீலக் கோட்டைக் கொடுத்திருந்தார்கள். டைனா அடுப்படியில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"நீங்க கப்பல்ல வந்தவரா? சண்டை எப்ப முடியும்னு துறைமுகத்துல ஏதாவது பேசிக்கிறாங்களா?"

"சீக்கிரம் முடிஞ்சிரும்னுதான் சொல்றாங்க."

அவள் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எசமான் எனக்கு வாக்குக் குடுத்திருக்கார். சண்டை முடிஞ்சதும் நான் போகலாம். எனக்கு ஒரு மக இருக்கா. சின்னதுலயே மேற்கால ஒரு ஊருக்கு வித்துட்டாங்க. போய்ப் பாக்கணும். என் முகம் அவளுக்கு மறந்திருக்கும். பரவாயில்ல, நான் இன்னார்னு சொல்லிக்கிறேன்."

மகளைப் போய்ப் பார்ப்பது பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை. வாக்கு ஒன்றைத்தான் வைத்தார். அதன்மேல் அவளாகவே இவ்வளவையும் கட்டிக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் நாளைக்கும் இதே ஞாயிறுதான், சண்டை முடிகிற தேதி இவர்களுடைய காலண்டரிலேயே கிடையாது என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு அங்கே நிற்க வெட்கமாக இருந்தது. "நல்லது நடக்கும்மா," என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தார். அதுவும் பொய்.

லொரெட்டா பிரைஸ் அன்றே அவர் அறைக்கு வந்தாள். கறுப்பினப் பெண்மணி, அறுபதை நெருங்குகிற வரலாற்று ஆய்வாளர். ஹோல்டையும் டைனாவையும் தேடித் தேடி உருவாக்கியவள். அவருடைய முழுப்பெயரைத் தடுமாறித் தடுமாறியாவது சொல்ல முயல்கிறவள் அந்த அலுவலகத்தில் அவள் ஒருத்திதான்.

"கோமதிநாயகம், அவளை என்ன செஞ்சீங்க?"

பூசி மெழுக அவருக்குத் தெம்பு இல்லை. சொல்லிவிட்டார். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"முப்பது வருஷமா அடிமைகளோட கதையைத்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். சவுக்குத் தெரியும், சங்கிலி தெரியும். இது எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

"எனக்கு அப்படித்தானே நடக்குது," என்றார் அவர். சொன்னதுமே ஏன் சொன்னோம் என்றிருந்தது.

"வேணாம்," என்றாள் லொரெட்டா. "உங்களையும் அவளையும் ஒரே தராசுல வைக்காதீங்க. நீங்க டிக்கெட் எடுத்து விமானம் ஏறி வந்தவர். பிடிக்கலன்னா அதே மாதிரி ஏறிப் போகலாம். உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா அந்த வலியை எடுத்து அவமேல ஒரு கருவியாப் பிரயோகம் பண்ணியிருக்கீங்க."

"அவ இயந்திரம்தானே, மேடம்."

"இருக்கட்டும். நீங்க மனுஷன்தானே? செஞ்சது உங்க கைதானே?"

அவர் மதியைப் பற்றி, அக்டோபரைப் பற்றி, கையெழுத்தைப் பற்றிச் சொன்னார். சொல்லச் சொல்ல எல்லாம் சப்பைக்கட்டாகவே அவர் காதில் விழுந்தது.

"கையெழுத்து மட்டும் ஆகட்டும். ஆன அன்னிக்கே எடுத்துடறேன். சத்தியமா."

"இப்ப எனக்கும் ஒரு வாக்கா?" என்றாள் லொரெட்டா. "சரி. நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லப் போறதில்ல. எடுத்தா நீங்களே எடுங்க."

ஆண்டு விழா அன்று காலை விட்லாக்கே கூப்பிட்டுச் சொன்னார். சிபாரிசில் கையெழுத்துப் போட்டு அனுப்பியாகிவிட்டது, வக்கீல் கைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அதை யாராலும் திருப்பி வாங்க முடியாது. கோமதிநாயகம் கண்ணை மூடித் திறந்தார். டைனா அப்போது சபைக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உடனே எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். விழா முடியட்டும், இன்றைக்கு எதற்கு வம்பு, நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கூடம் நிறைந்திருந்தது. டிரஸ்டிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வடிவு பட்டுச்சேலையில், மதி பக்கத்தில். போதகர் பிரகடனத்தை வாசித்து முடித்தார். ஹோல்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் ஓய்வதற்குள் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

டைனா இறங்கி வந்தாள். கேள்வி கேட்கிற முகம் இல்லை அது. நிறைந்த கூட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு நெஞ்சு கொள்ளவில்லை போலும். ஹோல்டின் முன்னால் முழங்காலை மடித்து வணங்கினாள்.

"எசமான், நன்றி சொல்லத்தான் வந்தேன். இத்தனை பேர் முன்னால சொன்னாத்தான் உங்க பெருமை எல்லாருக்கும் தெரியும். சண்டை முடிஞ்சதும் என்னை அனுப்பிவைக்கிறதா வாக்குக் குடுத்தீங்களே."

ஹோல்ட் புருவத்தைச் சுருக்கினார். "என்ன வாக்கு?"

"அடுப்படியில, எசமான். மழை பெஞ்ச அன்னிக்கு. பொறுமையா இருன்னு சொன்னீங்க."

"நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனசில் அப்படி ஒரு மழையே பெய்ததில்லை. ஊர் மறுபிறவிகளுக்கு ஹோல்ட் பொய் சொல்லாதவர் என்பது தெரியும். அப்படியென்றால் பொய் சொல்கிறவள் யார் என்று அவர்களே முடிவுகட்டிக்கொண்டார்கள். யாரோ சிரித்தார்கள். 'புளுகுக்காரி' என்று ஒரு கிழவரின் குரல் கேட்டது.

டைனா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்த மழைச் சாயங்காலம் அவளுக்குள் அவ்வளவு தெளிவாக இருந்தது. அவர் எங்கே நின்றார், தொப்பியிலிருந்து தண்ணீர் எப்படிச் சொட்டியது என்பதுவரை தெரியும். கோமதிநாயகம் அவ்வளவு நுணுக்கமாகச் செய்திருந்தார். நான் வைத்ததுதான் அது, அவள் சொல்வது நிஜம் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் கதவோரம் நீலக் கோட்டில் நின்றுகொண்டிருந்தார். இனி அவர் பயப்பட ஒரு காரணமும் மிச்சமில்லை. வாயைத் திறந்தார் என்றே சொல்ல வேண்டும். திறந்த வாயைப் பதினாறு வருஷப் பழக்கம் மூடிவிட்டது.

"அப்போ நான் கனவு கண்டிருப்பேன், எசமான்," என்றாள் டைனா. "மன்னிச்சுக்கோங்க."

கோமதிநாயகத்தைக் கடந்துதான் படியேறினாள். பொய்க்காரி என்று பெயர் வாங்கிய வெட்கத்தில் அவள் தலை குனிந்திருந்தது. கோமதிநாயகம் சுவரோடு ஒண்டி அவளுக்கு வழி விட்டார்.

விழா முடிந்ததும் விட்லாக் ஓடிவந்தார். அவர் கண்ணெல்லாம் ஈரம்.

"கோமஸ், டிரஸ்டிகள் அழுதுட்டாங்க. அந்தக் கடைசி வார்த்தை இருக்கே, கனவு கண்டிருப்பேன்னு. அடடா. கட்டிப்போடல, அடிக்கல, யாருக்கும் புகார் இல்ல. ஆனா நெஞ்சைப் பிசைஞ்சிருச்சு. இதைத் தினமும் வச்சுக்கலாம். அவளாக் கீழே வராத நாள்ல வரவைக்க முடியுமா?"

அரை மணி நேர வேலை போதும். அந்த மழைச் சாயங்காலத்தை டைனாவிடமிருந்து எடுத்துவிடலாம். அவள் மறுபடி நிமிர்ந்து நின்று கேட்பாள். எடுக்க மனமில்லை என்றால் ஹோல்டின் நினைவிலும் அதையே வைக்கலாம். புளுகுக்காரி என்ற பெயராவது அவளுக்கு மிஞ்சாது. முடியாது என்று விட்லாக்கிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். இவ்வளவும் கோமதிநாயகத்துக்குத் தெரிந்தது.

"முடியும் சார்," என்றார்.

லொரெட்டா கொஞ்ச தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி வரவேற்பு மேஜையில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வாசலைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்த்துத் திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் வடிவு கேசரி கிண்டியிருந்தாள். பக்கத்து வீடுகளுக்கும் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, நெய் மணக்க மணக்க இரண்டு தட்டில் வைத்தாள். இனி மகள் எங்கேயும் போக வேண்டியதில்லை என்ற சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மதி மட்டும் கரண்டியால் கேசரியைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, அந்தம்மா பொய் சொன்ன மாதிரியே தெரியலப்பா. நிஜமாவே யாரோ அவங்ககிட்ட சொன்ன மாதிரிதான் பேசினாங்க. அவங்க மனசெல்லாம் நீங்கதானே பண்றீங்க. யார் சொன்னது?"

கோமதிநாயகம் தட்டைப் பார்த்தார்.

"யாரும் சொல்லலம்மா," என்றார். "அவதான் கனவு கண்டிருப்பா."

மதி சரி என்று தலையாட்டினாள். அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று நம்புகிற பெண். கோமதிநாயகம் கேசரியை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று வடிவு கேட்டபோது வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை, தட்டை நீட்டினார்.